கடைசி நிலையத்தில் இறங்கிய பிறகு: வாசகர் கேள்வி – பதில்

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்குப் புறநகரில் மூன்று முனைகள் உண்டு. பச்சைத் தடம் பரங்கிமலையில் முடிகிறது. நீலத் தடம் தெற்கே விமான நிலையத்திலும் வடக்கே விம்கோ நகர் டிப்போவிலும் முடிகிறது. இந்த மூன்றைப் பற்றி வந்த கடிதங்களில் மெட்ரோ பயணத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இறங்கிய பிறகு அடுத்த வண்டியை எப்படிப் பிடிப்பது என்பதுதான் எல்லோருடைய கவலையும். அந்தக் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து வடபழனிக்கு தினமும் வேலைக்குப் போக வேண்டும். மின்சார ரயிலில் வந்து கிண்டியில் மெட்ரோ ஏறுவதா, பரங்கிமலையில் ஏறுவதா? இரண்டிலும் மெட்ரோ இருக்கிறதே!
– தாம்பரம் வாசகர்

பதில்: பரங்கிமலை. இரண்டிலும் மெட்ரோ இருந்தாலும் தடம் வேறு. பரங்கிமலையில் கிடைப்பது பச்சைத் தடம், கிண்டியில் கிடைப்பது நீலத் தடம். பரங்கிமலையில் ஏறினால் ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், அடுத்தது வடபழனி. நடுவில் எங்கும் மாற வேண்டாம். கிண்டி வரை போய்விட்டால், அங்கிருந்து ஒரு நிலையம் பின்னோக்கி ஆலந்தூர் வந்து, தளம் மாறி, பச்சைத் தடத்தில் ஏற வேண்டும். மின்சார ரயிலில் முன்னே போன தூரத்தை மெட்ரோவில் பின்னே வருவீர்கள், அதற்குக் காசும் கொடுப்பீர்கள்.

அண்ணா சாலைப் பக்கம் வேலை என்றால் கணக்கு தலைகீழ். தேனாம்பேட்டை, ஏஜி–டிஎம்எஸ், ஆயிரம் விளக்கு, எல்ஐசி எல்லாம் நீலத் தடம். அவற்றுக்குக் கிண்டியில்தான் மாற வேண்டும். கோயம்பேடு, அரும்பாக்கம், திருமங்கலம் போகிறவர்களுக்குப் பரங்கிமலை. எழும்பூருக்கு மெட்ரோவே தேவையில்லை, மின்சார ரயிலே போகிறது. சென்ட்ரலுக்கும் அப்படியே. பார்க் நிலையத்தில் இறங்கினால் எதிரே சென்ட்ரல்.

அண்ணா நகர்தான் இரண்டுங்கெட்டான். பரங்கிமலையிலிருந்து அண்ணா நகர் கிழக்கு பத்தாவது நிலையம். எழும்பூர் வரை மின்சார ரயிலில் போய் அங்கே பச்சைத் தடம் ஏறினால் ஐந்தாவது நிலையம். எழும்பூர் வரை சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழியில் மெட்ரோ செலவு குறையும். உட்கார்ந்து போக வேண்டும் என்பவருக்கு முதல் வழி, ஏனென்றால் பரங்கிமலையில் வண்டி காலியாகக் கிளம்புகிறது.

கேள்வி: பரங்கிமலையில் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாற எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும்? மாலையில் திரும்பும்போது சீக்கிரம் முடிகிறது, காலையில் மட்டும் இழுக்கிறது. ஏன்?
– குரோம்பேட்டை வாசகி

பதில்: நீங்கள் கவனித்தது சரி. இரண்டு திசையும் ஒன்றல்ல. மின்சார ரயில் தரைமட்டத்தில், மெட்ரோ மேலே. காலையில் நீங்கள் ஏற வேண்டும், பையை ஸ்கேனரில் வைக்க வேண்டும், உடல் சோதனை முடிய வேண்டும், பிறகு கேட். ஒரே மின்சார ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் முழுவதும் அந்த ஸ்கேனர் முன்னால் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மாலையில் கேட்டைத் தாண்டி வெளியே வருவது மட்டும்தான். ரயில்வே பக்கம் ஸ்கேனர் வரிசை கிடையாது.

காலையில் 8 முதல் 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் 5 போதும், டிக்கெட் கையில் இருந்தால். வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க ஒரு வழி, மின்சார ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதை முடிவு செய்வது. படிக்கட்டுக்கு அருகில் நிற்கும் பெட்டி எது என்று இரண்டு நாள் பார்த்து வைத்தால், கூட்டத்துக்கு முன்னால் ஸ்கேனரை அடைந்துவிடலாம். பை இல்லாமல் வருகிறவர்களுக்கு ஸ்கேனரில் காத்திருக்கும் வேலையே இல்லை. டிபன் பாக்ஸை மட்டும் கொண்டுபோகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. எந்த இணைப்புப் பயணத்திலும் எந்த வண்டி அரிதாக வருகிறதோ அதன் நேரத்தை வைத்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நெரிசல் நேரத்தில் மெட்ரோ 6 நிமிடத்துக்கு ஒன்று. தவறவிட்டால் நட்டம் அதிகபட்சம் 6 நிமிடம். செங்கல்பட்டு வரை போகும் மின்சார ரயிலைத் தவறவிட்டால் நட்டம் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே மாலையில் மெட்ரோவுக்கு ஓடாதீர்கள், மின்சார ரயிலின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். மெட்ரோ வரும் நேரத்தைச் செயலியில் பார்த்துவிட்டு, மின்சார ரயிலை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் இது இன்னும் கண்டிப்பு. மின்சார ரயில் எண்ணிக்கை அன்று குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் வண்டிகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் ஞாயிறன்றுதான். முந்தைய நாள் செய்தித்தாளில் தென்னக ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ஒரே டிக்கெட்டில் மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் போக முடியுமா? பயண அட்டை ஒன்று வாங்கினால் இரண்டிலும் தட்டலாமா?
– பல்லாவரம் வாசகர்

பதில்: அட்டையை இரண்டிலும் தட்ட முடியாது. மின்சார ரயில் நிலையங்களில் தட்டுவதற்கு கேட்டே இல்லையே! சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவில் செல்லும், 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் செல்லும். மின்சார ரயிலுக்குத் தனியாக ரயில்வே டிக்கெட் அல்லது சீசன் வேண்டும்.

செல்பேசியில் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். எப்போதாவது போகிறவர்களுக்கு இது வசதி. தினமும் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது பழைய கூட்டணிதான்: மின்சார ரயிலுக்குச் சீசன், மெட்ரோவுக்கு அட்டை.

மெட்ரோ கட்டணப் பட்டை 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்டதிலிருந்து இது: 2 கி.மீ. வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. அட்டையிலும் செல்பேசி க்யூஆரிலும் 20 சதவீதம் தள்ளுபடி. 50 ரூபாய்ப் பயணம் 40 ரூபாயாகும். கவுன்டரில் காசு கொடுத்து வாங்கும் காகித டிக்கெட்டுக்குத் தள்ளுபடி கிடையாது.

ரயில்வே செயலியில் டிக்கெட் எடுப்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்கப் பார்ப்பது. செயலி மறுத்துவிடும். வண்டி வருவதைப் பார்த்துவிட்டு எடுப்பதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. மெட்ரோவிலிருந்து இறங்கும் முன்பே, ஆலந்தூர் தாண்டும்போதே எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து உள்ளே நின்றே எடுக்கலாம். இரண்டாவது, எடுத்த டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவது. பரிசோதகர் ஏற்கமாட்டார், செயலிக்குள் இருக்கும் டிக்கெட்டைத்தான் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லாவிட்டால் ரயில்வேயில் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்சார ரயிலுக்குக் கட்டணம் தனி. அதில் குறைந்தபட்சமே 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோ சாதாரணச் சீசனோ அதில் செல்லாது. வெயிலில் நிற்கும்போது எதிரே குளிர்ந்த பெட்டி வந்து கதவைத் திறந்தால் கால் தானாக உள்ளே போகும். கொஞ்சம் நிதானம் வேண்டும்.

கேள்வி: சிங்காரச் சென்னை அட்டைக்கு ஆன்லைனில் 500 ரூபாய் போட்டேன். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது. மெட்ரோ கேட்டில் தட்டினால் இருப்பு போதாது என்கிறது.
– மீனம்பாக்கம் வாசகி

பதில்: பணம் எங்கும் போகவில்லை. இந்த அட்டை தேசியப் பொதுப் பயண அட்டை வகை. கேட்டில் கழியும் பணம் அட்டையின் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கேட் வங்கியைக் கேட்பதில்லை, சிப்பை மட்டும் படிக்கிறது. அதனால்தான் தட்டியவுடன் திறக்கிறது. ஆன்லைனில் போட்ட பணம் வங்கியின் கணினியில் உங்கள் பெயரில் காத்திருக்கிறது. அதைச் சிப்பில் ஏற்ற, நிலையத்தில் உள்ள இயந்திரத்திலோ கவுன்டரிலோ அட்டையை வைத்து இருப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு முறை செய்தால் கேட் திறக்கும். சிப்பில் அதிகபட்சம் 2,000 ரூபாய்தான் வைக்க முடியும்.

இன்னொரு சிக்கல்: வெளியேறும்போது சரியாகத் தட்டாமல், முன்னால் போகிறவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவது. சிப்பில் பயணம் முடியாமலே நிற்கும். மறுநாள் கேட் மறுக்கும். வாடிக்கையாளர் சேவை கவுன்டரில் சரிசெய்து தருவார்கள், கூடுதல் கட்டணத்தோடு.

மெட்ரோவின் பழைய பயண அட்டையை வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025 ஆகஸ்ட் 1 முதல் அதில் பணம் ஏற்ற முடியாது. மிச்சத்தைச் செலவழித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: கடைசி நிலையத்துக்கு முன்னால் வண்டி சில சமயம் மேம்பாலத்தில் நின்றுவிடுகிறதே, ஏன்? நிலையம் கண்ணுக்கே தெரிகிறது. திரும்பும்போது உட்கார இடம் கிடைக்க, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கலாமா?
– ஆதம்பாக்கம் வாசகர்

பதில்: இடைநிலையத்தில் வண்டிக்கு ஒரே வேலை: நிற்பது, போவது. கடைசி நிலையத்தில் திசை மாற வேண்டும், தண்டவாளமும் மாற வேண்டும். வரும் தண்டவாளத்திலிருந்து போகும் தண்டவாளத்துக்கு மாற குறுக்குத் தண்டவாளங்கள், அதாவது மாற்றுத்தடம், போட்டிருப்பார்கள். இதை இரண்டு விதமாக அமைக்கலாம். பிளாட்பாரத்துக்கு முன்னாலேயே மாற்றுத்தடம் இருந்தால், வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வேண்டுமானாலும் வரும், அங்கிருந்தே திரும்பிப் போகும். பிளாட்பாரத்தைத் தாண்டி இருந்தால், பயணிகளை ஒரு பக்கம் இறக்கிவிட்டு, காலியாக உள்ளே போய், திரும்பி, மறுபக்கம் வந்து ஏற்றிக்கொள்ளும்.

முதல் வகையில்தான் நீங்கள் சொல்லும் காத்திருப்பு வரும். உள்ளே நிற்கும் வண்டி வெளியே வரவும் அதே மாற்றுத்தடம், வெளியே இருக்கும் வண்டி உள்ளே போகவும் அதே. ஒன்று முழுவதுமாகக் கடந்து, தடம் மாற்றிப் பூட்டி, சிக்னல் கிடைத்த பிறகுதான் அடுத்தது நகர முடியும். மாற்றுத்தடத்தில் வேகமும் குறைவு, ஆகவே கடக்க நேரம் பிடிக்கும்.

கணக்காகப் பார்ப்போம். 6 நிமிட இடைவெளியில் வண்டிகள் வருகின்றன. உள்ளே வர ஒரு நிமிடம், வெளியேறி வழிவிட ஒரு நிமிடம் என்று வைத்தால், ஒரே பிளாட்பாரத்தைப் பயன்படுத்தும்போது நிற்பதற்கு மீதி 4 நிமிடம். அதற்குள் ஓட்டுநர் இந்த முனை அறையை அணைத்துப் பூட்டி, நான்கு பெட்டிகளையும் கடந்து, ஏறக்குறைய 86 மீட்டர் நடந்து, மறுமுனை அறையைத் திறந்து, பிரேக் சரிபார்த்துக் கிளம்ப வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் அது நெருக்கடியான வேலை. அதனால் உலகெங்கும் மெட்ரோக்கள் ஓர் உத்தி வைத்திருக்கின்றன. வண்டி வந்து நிற்கும்போதே மறுமுனையில் இன்னொரு ஓட்டுநர் தயாராக நிற்பார். அவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போவார். வந்தவர் நிதானமாக நடந்து அடுத்த வண்டிக்குத் தயாராவார். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தாலும் சரியான நேரத்துக்குக் கிளம்ப இது உதவுகிறது. இரண்டு பிளாட்பாரங்களையும் மாறி மாறிப் பயன்படுத்தினால் இன்னும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இறங்காமல் உட்கார்ந்திருப்பது பற்றி: எல்லோரும் இறங்கும்படி அறிவிப்பு வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். சில வண்டிகள் அங்கிருந்து பணிமனைக்குப் போய்விடும். இன்னொரு பழக்கமும் உண்டு. ஆலந்தூரில் ஏறி, எதிர்த்திசையில் பரங்கிமலை வரை போய், இடம் பிடித்துத் திரும்பி வருவது. டிக்கெட் வாங்காத தூரம் அது. நிலையத்துக்குள் இருக்க அனுமதித்த நேரத்தைத் தாண்டினால் வெளியேறும் கேட் திறக்காது, கூடுதல் கட்டணம் கேட்கும். உட்கார்ந்தே போக வேண்டுமென்றால் பரங்கிமலையிலேயே நுழைவதுதான் ஒழுங்கு.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து செங்கல்பட்டு போக வேண்டும். பெட்டிகள் இரண்டு. மெட்ரோவில் பரங்கிமலை வந்து மின்சார ரயில் பிடிக்கச் சொல்கிறார் நண்பர்.
– செங்கல்பட்டு வாசகர்

பதில்: வேண்டாம். விமான நிலைய மெட்ரோ தெற்கு முனை. அங்கிருந்து மெட்ரோ வடக்கே மட்டும்தான் போகும், நீங்கள் போக வேண்டியது தெற்கே. விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கம், திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்க வேண்டியதில்லை, சுரங்க நடைபாதை உண்டு. செங்கல்பட்டு வண்டி என்று பலகையில் பார்த்து ஏறுங்கள். தாம்பரத்தோடு நிற்பவை நிறைய. விரைவு மின்சார ரயில்கள் எல்லா நிலையத்திலும் நிற்காது.

மெட்ரோ நிலையம் உள்நாட்டு முனையத்துக்கும் பன்னாட்டு முனையத்துக்கும் இடையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நகரும் நடைபாதை கொண்ட மேல்வழி உண்டு. தள்ளுவண்டியை எங்கே விட வேண்டும் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு பெட்டிகள் உங்கள் கையில்தான். அதைச் சுமக்க முடியாது என்று தோன்றினால் காலை 8 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் மின்சார ரயிலைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளோடு அந்த நேரத்தில் ஏறுவது உங்களுக்கும் கஷ்டம், வாசலில் நிற்பவர்களுக்கும் கஷ்டம்.

எதிர்த்திசையில், விமானம் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மெட்ரோ காலை 5 மணிக்குக் கிளம்புகிறது. விம்கோ நகர் டிப்போவிலிருந்து விமான நிலையம் வரை 32 கி.மீ.க்கு மேல், ஏறக்குறைய ஒரு மணி நேரம். உள்நாட்டு விமானங்களில் பெட்டி ஒப்படைக்கும் கவுன்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். வடசென்னையிலிருந்து வருகிறவர்கள் காலை ஏழரை மணிக்கு முந்தைய விமானத்துக்கு மெட்ரோவை நம்ப வேண்டாம்.

கேள்வி: சென்ட்ரலில் விமான நிலையம் போகும் வண்டி என்று ஏறினேன். அது கோயம்பேடு வழியாகச் சுற்றிப் போனது! இன்னொரு நாள் ஏறிய வண்டி ஆலந்தூரோடு நின்றுவிட்டது.
– பெரியமேடு வாசகர்

பதில்: இரண்டும் முறையான சேவைகள்தான், தவறு பலகையைப் பாதி படித்ததில். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு வழி. நீலத் தடத்தில் அண்ணா சாலை வழியாக நேராகப் போகலாம். பச்சைத் தடத்தில் எழும்பூர், கோயம்பேடு வழியாகவும் நேரடி வண்டிகள் உண்டு. அவை பரங்கிமலைக்குப் போகாமல் ஆலந்தூர்ப் பக்கம் நீலத் தடத்துக்கு மாறிவிடும். வடபழனி, அண்ணா நகர்க்காரர்களுக்கு இறங்கி மாறாமல் விமான நிலையம் போக வசதி. சென்ட்ரல்காரருக்குச் சுற்று.

நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டை – ஆலந்தூர் இடையே 3 நிமிடத்துக்கு ஒரு வண்டி. முனை வரை போகிறவை 6 நிமிடத்துக்கு ஒன்று. அதாவது இரண்டில் ஒன்று ஆலந்தூரில் திரும்பிவிடும். அதில் ஏறிவிட்டாலும் பதற்றம் வேண்டாம். ஆலந்தூரில் இறங்கி, அதே தளத்தில் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். மேலே கீழே அலைய வேண்டியது பச்சைத் தடத்துக்கு மாறுகிறவர்கள் மட்டும்.

கேள்வி: இரவு கடைசி மெட்ரோ 11 மணி என்கிறார்கள். 11 மணிக்கு நிலையத்துக்குள் போனால் கிடைக்குமா?
– நங்கநல்லூர் வாசகி

பதில்: 11 மணி என்பது முனை நிலையத்திலிருந்து கிளம்பும் நேரம். நீங்கள் விமான நிலையத்திலோ பரங்கிமலையிலோ ஏறினால் 11 என்றால் 11. இடைநிலையத்தில் அந்த வண்டி அதற்குப் பிறகு வரும். ஆனால் அந்தக் கூடுதல் நிமிடங்களை நம்பி இருக்காதீர்கள், 10 மணிக்கு மேல் இடைவெளி 15 நிமிடமாகிவிடும். இரண்டு தடம் மாறும் பயணம் என்றால் ஆலந்தூரில் மற்ற தடத்தின் கடைசி வண்டி போயிருக்கலாம். அந்த மாதிரிப் பயணத்தை 10 மணிக்குள் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: மீஞ்சூரிலிருந்து எல்ஐசி. விம்கோ நகரில் மெட்ரோ மாறினால் நல்லதா? விம்கோ நகர், விம்கோ நகர் டிப்போ என்று இரண்டு நிலையம் இருக்கிறதே, எது?
– மீஞ்சூர் வாசகர்

பதில்: விம்கோ நகர். கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலிலிருந்து மாறுவதற்கு அதுதான். டிப்போ நிலையம் அதற்கு அடுத்தது, தடம் முடியும் இடம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து 9 கி.மீ. நீட்டித்தபோது விம்கோ நகர் வரைதான் பயணிகள் சேவை வந்தது. டிப்போவும் திருவொற்றியூர் தேரடியும் 2022 மார்ச்சில் திறந்தன. அந்த ஓராண்டில் விம்கோ நகரையே கடைசி என்று பழகியவர்கள் இன்னும் குழப்புகிறார்கள். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து சாலை வழியே வருகிறவர்களுக்கு டிப்போ வசதி, உட்கார இடமும் நிச்சயம்.

விம்கோ நகரிலிருந்து எல்ஐசி பதின்மூன்றாவது நிலையம், நேர்வழி. தூரம் 12 கி.மீ.யைத் தாண்டுவதால் 40 ரூபாய், அட்டையில் 32. மின்சார ரயிலிலேயே சென்ட்ரல் வரை போய் அங்கே மெட்ரோ ஏறினால் இரண்டே நிலையம், காசு நிச்சயம் மிச்சம். ஆனால் கொருக்குப்பேட்டை, பேசின் பாலம் சந்திப்புகளில் விரைவு ரயிலுக்கு வழிவிட்டு மின்சார ரயில் நிற்பது வழக்கம். எத்தனை நிமிடம் என்று சொல்ல முடியாது. நேரத்துக்குப் போயாக வேண்டிய காலையில் விம்கோ நகர், அவசரமில்லாத மாலையில் சென்ட்ரல். சில வண்டிகள் சென்ட்ரல் போகாமல் கடற்கரை போகும், ஏறும் முன் பலகை பாருங்கள்.

திரும்பும்போது முன்னே சொன்ன விதிதான். வடக்குத் தடத்தில் மின்சார ரயில்கள் தாம்பரம் தடத்தைவிட மிகக் குறைவு. விம்கோ நகர்ப் பிளாட்பாரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட, அலுவலகத்திலேயே கால அட்டவணை பார்த்துக் கிளம்பலாம்.

கேள்வி: சென்ட்ரலில் இறங்கி, கிளாம்பாக்கம் போய் மதுரை பஸ் பிடிக்க மெட்ரோ உதவுமா?
– அரக்கோணம் வாசகர்

பதில்: பாதி வழிக்கு. விமான நிலையம் வரை மெட்ரோவில் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்து ஏறலாம். ஆனால் அந்தப் பேருந்துகள் கிண்டியிலேயே நிரம்பி வரும், மூட்டையோடு தொங்க வேண்டியிருக்கும். பார்க் நிலையத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறுவது மலிவு, சாலை நெரிசலும் இல்லை. வண்டி கிளாம்பாக்கத்திலேயே நின்றால் அங்கே இறங்குங்கள். இல்லையென்றால் வண்டலூரில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் பெருங்களத்தூரில் சாலை நகராது. அன்று ரயிலைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ, 15.46 கி.மீ., திட்டமாக இருக்கிறது.

கேள்வி: பேசாமல் மெட்ரோ வண்டியையே பரங்கிமலையிலிருந்து மின்சார ரயில் தண்டவாளத்தில் தாம்பரம் வரை ஓட்டினால் என்ன?
– சேலையூர் வாசகர்

பதில்: ஓடாது. மெட்ரோவின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ரயில்வேயின் அகலப்பாதை 1,676. மேலே ஓடும் மின்சாரம் இரண்டிலும் 25,000 வோல்ட்தான், அதில் சிக்கலில்லை. ஆனால் மெட்ரோ பெட்டி ஒடுக்கமானது. மின்சார ரயில் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். அதற்கென்று கட்டிய பிளாட்பாரத்தில் மெட்ரோ வந்து நின்றால் நடுவில் விழும் இடைவெளியில் ஆள் இறங்கிவிடுவார். சிக்னல் முறையும் வேறு.

கேள்வி: பறக்கும் ரயில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வருவதால் யாருக்கு லாபம்? பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள்.
– புழுதிவாக்கம் வாசகி

பதில்: 5 கி.மீ.தான். 2008-இல் தொடங்கிய வேலை. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுக்கும் வழக்கில் ஆண்டுக்கணக்கில் நின்றது. இணைப்பின் பலன் கூட்டிப் பார்த்தால் பெரிது: தாம்பரம் பக்கத்திலிருந்து தரமணி, திருவான்மியூர் கணினி அலுவலகங்களுக்குப் போகிறவர் கிண்டியில் இறங்கிப் பேருந்து தேட வேண்டாம். வடபழனி, கோயம்பேட்டிலிருந்து வருகிறவரும் அப்படியே. பறக்கும் ரயிலுக்கும் மின்சார ரயிலுக்கும் ரயில்வே டிக்கெட் ஒன்றே போதும், மெட்ரோவுக்கு மட்டும் தனி. அட்டவணையில் உங்கள் நேரத்துக்கு வண்டி இல்லையென்றால் உள்வட்டச் சாலை வழியாக வேளச்சேரிக்குப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் உண்டு.

இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோவும் பரங்கிமலையைத் தொட்டுத்தான் மடிப்பாக்கம், மேடவாக்கம் போகிறது. அது ஓடும்போது ஸ்கேனர் வரிசை இன்னும் நீளும், நுழைவாயில்களைக் கூட்டாவிட்டால்.

கேள்வி: எழுபது வயது அம்மாவை அழைத்துப் போகிறேன். பரங்கிமலையில் லிஃப்ட் உண்டா? பைக்கை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகலாமா?
– மடிப்பாக்கம் வாசகர்

பதில்: மெட்ரோ பக்கம் லிஃப்ட் உண்டு. ஆனால் தரையிலிருந்து பிளாட்பாரம் வரை ஒரே லிஃப்ட் என்று எண்ண வேண்டாம். முதல் லிஃப்ட் டிக்கெட் தளம் வரை. கேட்டுக்கு உள்ளே போன பிறகு இன்னொன்று பிளாட்பாரத்துக்கு. அம்மாவுக்கு அகலமான கேட்டைப் பயன்படுத்துங்கள், சாதாரண கேட்டின் கதவு சீக்கிரம் மூடும். மின்சார ரயில் பக்கம் படிக்கட்டு ஏற வேண்டியிருக்குமா என்பது எந்தப் பிளாட்பாரம் என்பதைப் பொறுத்தது. அறிவிப்பைக் கேட்ட பிறகே நடக்கத் தொடங்குங்கள், ஏறி இறங்கி மறுபடி ஏறுவது மிச்சமாகும்.

பைக்கை விடும் முன் வாகன நிறுத்தத்தில் இரவுக் கட்டணம் எவ்வளவு என்று பலகையில் பாருங்கள். மணிக்கணக்குக் கட்டணத்தை இரண்டு நாளுக்குப் பெருக்கினால் ஆட்டோவே மலிவாக இருக்கலாம். நுழைவுச் சீட்டைப் பைக்கிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஹெல்மெட்டைப் பூட்டிவிட்டுப் போங்கள்.